ஓவியத்தில் எப்போதும் இடது முகம் மட்டும் ஏன்? ஈட்டிப் போட்டியில் கண்ணை இழந்த இத்தாலி டியூக் ஃபெடரிகோவின் கதை!

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் இருக்கும் உஃபிஸி அருங்காட்சியகத்தில் ஒரு சின்ன ஓவியம் இருக்கிறது. உயரம் 47 சென்டிமீட்டர், அகலம் 33 சென்டிமீட்டர், அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்க்க உலகம் முழுவதிலும் இருந்து கூட்டம் வருகிறது.

சிவப்புத் தொப்பி, சிவப்பு உடை, கன்னத்தில் மச்சங்கள், பாதி மூடிய ஒரு கண். முகத்தின் இடது பக்கம் மட்டும்தான் தெரிகிறது. இன்னொரு விஷயமும் கண்ணில் படும். நெற்றி முடிந்து மூக்குத்தண்டு தொடங்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பள்ளம். யாரோ உளியால் வெட்டி எடுத்த மாதிரி ஒரு வளைவு.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் ஃபெடரிகோ டா மான்டெஃபெல்ட்ரோ. 15-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் உர்பினோவை 38 ஆண்டுகள் ஆண்டவர். அந்தக் காலத்தில் அதிகச் சம்பளம் வாங்கிய படைத் தளபதிகளில் ஒருவர். இன்று நமக்குத் தெரிந்த அவருடைய உருவங்களில் கிட்டத்தட்ட எல்லாமே இடது பக்கத்தைத்தான் காட்டுகின்றன. வலது பக்கத்துக்கு என்ன ஆச்சு? முழு விவரம் இதோ.

யார் இந்த ஃபெடரிகோ?

1422-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி, மத்திய இத்தாலியின் குப்பியோ நகருக்கு அருகே ஒரு கோட்டையில் பிறந்தார் ஃபெடரிகோ. அப்பா கைடன்டோனியோ, உர்பினோவின் பிரபு. ஆனால் ஃபெடரிகோ முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் கிடையாது. அப்பாவுக்குப் பிறகு நாட்டை ஆளும் உரிமை, திருமண உறவில் பிறக்கும் மகனுக்குத்தான் முதலில் போகும். ஃபெடரிகோவுக்கு ஐந்து வயது இருக்கும்போது அப்படி ஒரு மகனும் பிறந்துவிட்டான். பெயர் ஒட்டான்டோனியோ.

அதற்குப் பிறகு ஃபெடரிகோ வரிசையில் இரண்டாவது ஆள்தான்.

அன்றைய இத்தாலி ஒரே நாடு இல்லை. வெனிஸ், மிலான், ஃப்ளோரன்ஸ், நேப்பிள்ஸ், போப்பின் ஆட்சிப் பகுதி என ஐந்து பெரிய சக்திகள் இருந்தன. நடுவில் உர்பினோ மாதிரி குட்டிக் குட்டி ஊர்கள். பெரியவர்கள் சமாதானம் பேசும்போது, வாக்கு மீறாமல் இருப்பதற்கு உத்தரவாதமாகப் பிள்ளைகளைப் பணயமாகக் கொடுப்பது வழக்கம். 1433-ல், 11 வயதில், ஃபெடரிகோ அப்படித்தான் வெனிஸுக்கு அனுப்பப்பட்டார்.

அங்கிருந்து அவர் போனது மாந்துவா நகருக்கு. அங்கே விட்டோரினோ டா ஃபெல்ட்ரே என்ற ஆசிரியர் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். பிரபுக்களின் பிள்ளைகளும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படித்த பள்ளி அது. லத்தீன், கணிதம், வரலாறு என ஒரு பக்கம் பாடம் நடக்கும். இன்னொரு பக்கம் குதிரையேற்றம், வாள் பயிற்சி. ஃபெடரிகோவின் வாழ்க்கை முழுக்க இந்த இரண்டும்தான்: ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் ஆயுதம்.

16 வயதில் கூலிப்படை!

படித்து முடித்த கையோடு 1438-ல், 16 வயதில், ஃபெடரிகோ படைத்தொழிலில் இறங்கினார். நிக்கோலோ பிச்சினினோ என்ற பெரிய தளபதியின் கீழ் சேர்ந்தார்.

அன்றைய இத்தாலியில் போர் என்பது ஒரு வியாபாரம். நகரங்கள் தங்களுக்கென்று பெரிய நிரந்தரப் படை வைத்திருக்கவில்லை. சண்டை வந்தால் ஒரு தளபதியிடம் ஒப்பந்தம் போடுவார்கள். எத்தனை குதிரை வீரர்கள், எத்தனை காலாட்கள், எத்தனை மாதம், எவ்வளவு பணம் என எல்லாம் எழுத்தில் இருக்கும். இப்படி ஒப்பந்தம் போட்டுச் சண்டை போடும் தளபதிகளுக்கு கொண்டோட்டியேரி என்று பெயர்.

இந்தத் தொழிலில் முதலீடு குதிரையும் உடம்பும்தான். குதிரை மேல் நிற்கத் தெரியாதவனுக்கு ஒப்பந்தம் கிடைக்காது. உடம்பில் ஊனம் வந்தால் சந்தை மதிப்பு இறங்கிவிடும்.

ஃபெடரிகோ சீக்கிரமே பெயர் வாங்கினார். 1441-ல், 19 வயதில், செங்குத்தான பாறை உச்சியில் இருக்கும் சான் லியோ கோட்டையைப் பிடித்தார். யாரும் ஏற முடியாது என்று நினைத்த கோட்டை அது. எதிரியாக இருந்தது ரிமினி நகரின் மலடெஸ்டா குடும்பம். அந்தக் குடும்பத்தின் சிகிஸ்மொண்டோ மலடெஸ்டாவுக்கும் ஃபெடரிகோவுக்கும் இருந்த பகை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடியது.

ஒரே இரவில் மாறிய தலையெழுத்து

1443-ல் அப்பா இறந்தார். தம்பி ஒட்டான்டோனியோ ஆட்சிக்கு வந்தார். இருபது வயதுகூட ஆகாத பையன். வரிச்சுமை ஏறியது, மக்கள் கொதித்தார்கள்.

1444-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி இரவு, ஒரு கும்பல் அரண்மனைக்குள் புகுந்து ஒட்டான்டோனியோவைக் கொன்றது. மறுநாளே ஃபெடரிகோ உர்பினோ வாசலில் நின்றார். ஊர் மக்கள் கதவைத் திறப்பதற்கு முன்பு நிபந்தனைகள் வைத்தார்கள். வரியைக் குறைக்க வேண்டும். கொலையில் ஈடுபட்டவர்களைத் தண்டிக்கக் கூடாது. ஃபெடரிகோ எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். 22 வயதில் ஊர் அவர் கைக்கு வந்தது.

தம்பியின் கொலையில் அவருக்குப் பங்கு இருந்ததா? அந்தச் சந்தேகம் அப்போதே கிளம்பியது. நிரூபணம் எதுவும் வெளிவரவில்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் எப்படி வாசலுக்கு வந்து சேர்ந்தார் என்ற கேள்வி மட்டும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

அந்தப் போட்டியில் நடந்தது என்ன?

1450. ஃபெடரிகோவுக்கு 28 வயது. அவருடைய நெருங்கிய கூட்டாளியும் பெரிய தளபதியுமான பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ட்ஸா அந்த ஆண்டுதான் மிலான் நகரின் டியூக் ஆனார். அதைக் கொண்டாட ஒரு குதிரை ஈட்டிப் போட்டி நடந்ததாகக் குறிப்பிடப்படுகிறது.

இந்த விளையாட்டு எப்படி இருக்கும்? உடல் முழுக்க இரும்புக் கவசம் போட்ட இரண்டு வீரர்கள், கையில் நீளமான மர ஈட்டியோடு, எதிரெதிர் திசையில் இருந்து குதிரையில் பாய்ந்து வருவார்கள். நேருக்கு நேர் வரும்போது ஒருவர் ஈட்டி இன்னொருவர் கேடயத்திலோ கவசத்திலோ மோத வேண்டும். ஈட்டி உடைந்தால் மதிப்பெண். ஆள் கீழே விழுந்தால் கைதட்டல்.

விளையாட்டுதான். ஆனால் ஆபத்து நிஜம். ஒரு குதிரையின் எடை, மேலே இருக்கும் ஆளின் எடை, அவர் போட்டிருக்கும் இரும்பின் எடை எல்லாம் சேர்ந்து ஈட்டியின் நுனிக்கு வந்துவிடும். அதுவும் இரண்டு குதிரைகளும் எதிரெதிராக வருவதால் இரண்டின் வேகமும் கூடிவிடும். மார்பிலும் தோளிலும் தடிமனான இரும்பு இருக்கும். பலவீனமான இடம் ஒன்றுதான்: முகம். பார்ப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் அங்கே இடைவெளி விட்டே ஆக வேண்டும்.

அன்று எதிரில் வந்த வீரனின் ஈட்டி ஃபெடரிகோவின் முகத்தில் பாய்ந்தது. வலது கண் போனது. மூக்கின் மேல்பகுதியும் சிதைந்தது.

கண்குழியின் சுவர்கள் மெல்லிய எலும்பால் ஆனவை. அதற்குப் பின்னால் கொஞ்ச தூரத்திலேயே மூளை. ஈட்டியின் ஒரு சிராய் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆன்டிபயாடிக் இல்லாத காலம். இன்றைய மாதிரி மயக்க மருந்து கிடையாது. காயத்தில் சீழ் பிடித்தாலே சாவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்பார்கள். ஃபெடரிகோவுக்குத் தலைக்கு வந்தது ஒரு கண்ணோடு போனது.

மூக்கை வெட்டச் சொன்னாரா?

இங்கேதான் அந்தப் பிரபலமான கதை வருகிறது. வலது கண் போனதால் ஃபெடரிகோவுக்கு வலது பக்கம் பார்ப்பது சிரமமாகிவிட்டது. இடது கண்ணால் வலது பக்கம் பார்க்கலாம் என்றால் நடுவில் மூக்கு மறைக்கிறது. அதனால் மருத்துவரைக் கூப்பிட்டு மூக்குத்தண்டின் மேல்பகுதியை வெட்டி எடுக்கச் சொன்னார் என்பதுதான் அந்தக் கதை.

கேட்க நம்ப முடியாத மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு கண்ணும் இருக்கும் மனிதருக்கு, தலையைத் திருப்பாமலே சுமார் 180 முதல் 200 டிகிரி வரை தெரியும். ஒரு கண்ணால் பார்த்தால், அந்தக் கண்ணின் வெளிப்பக்கம் சுமார் 100 டிகிரியும், மூக்குப் பக்கம் சுமார் 60 டிகிரியும்தான் தெரியும். நீங்களே இப்போது வலது கண்ணை மூடிப் பாருங்கள். வலது ஓரத்தில் மூக்கு ஒரு சுவர் மாதிரி நிற்பது தெரியும்.

சாதாரண மனிதருக்கு இது தொந்தரவு. படைத் தளபதிக்கு உயிர்ப் பிரச்னை. வலது பக்கம் இருந்து யார் வாளோடு வந்தாலும் தெரியாது. தம்பி சொந்த அரண்மனையிலேயே வெட்டிக் கொல்லப்பட்ட குடும்பம் வேறு.

ஆனால் இந்த அறுவை சிகிச்சை நடந்ததற்கு உறுதியான சமகால ஆவணம் இல்லாததால், இது கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது. ஈட்டியே அந்த எலும்பை நொறுக்கியிருக்கலாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒன்று மட்டும் நிஜம். மூக்கில் கத்தி வைப்பது அன்றைய இத்தாலிக்குப் புதிது இல்லை. அதே 15-ஆம் நூற்றாண்டில் சிசிலி தீவில் பிராங்கா என்ற மருத்துவக் குடும்பம், வெட்டுப்பட்ட மூக்கைத் தோல் வைத்து மறுபடி உருவாக்கிக் கொடுத்துப் பெயர் வாங்கியிருந்தது.

ஒரு கண்ணோடு 32 ஆண்டுகள்

ஒரு கண் போனால் போவது பார்வைப் பரப்பு மட்டும் இல்லை. தூரத்தைக் கணிக்கும் திறனும் அடிவாங்கும். கிட்டே இருக்கும் பொருள் எவ்வளவு கிட்டே இருக்கிறது என்பதை இரண்டு கண்ணும் சேர்ந்துதான் மூளைக்குச் சொல்கின்றன. ஒரு கண் போனவர், டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதில் இருந்து படி இறங்குவது வரை மறுபடி பழக வேண்டும். மூளை மெல்ல மெல்ல வேறு வழிகளைக் கற்றுக்கொள்ளும். ஆனால் வாள் சண்டையில் ஒரு விரற்கடை கணக்குத் தப்பினாலும் போச்சு.

ஃபெடரிகோவுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. சந்தை. கூலிப்படைத் தளபதி காயம் பட்டுக் கிடக்கிறான் என்றால், ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும். உர்பினோ மலைநாடு. விளைச்சல் குறைவு. அரண்மனை, அதிகாரிகள், படை என எல்லாம் அவர் சண்டை போட்டுக் கொண்டுவரும் பணத்தில்தான் ஓடின. தளபதி படுத்தால் ஊரே படுத்துவிடும்.

அவர் படுக்கவில்லை. சீக்கிரமே நேப்பிள்ஸ் அரசர் அல்ஃபோன்ஸோவோடு ஒப்பந்தம் போட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் நேப்பிள்ஸ், போப், மிலான், ஃப்ளோரன்ஸ் என மாறி மாறி எல்லாரும் அவரை அழைத்தார்கள். காரணம் வாள்வீச்சு இல்லை. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை நடுவில் உதறிவிட்டு எதிரியிடம் போகமாட்டார் என்ற பெயர்தான். அந்தத் தொழிலில் அது அபூர்வம்.

பழைய எதிரி சிகிஸ்மொண்டோவையும் அவர்தான் ஒடுக்கினார். போப் இரண்டாம் பயஸின் படைக்குத் தலைமை தாங்கி, 1462-ல் செனிகாலியா அருகே அவரைத் தோற்கடித்தார். மறு ஆண்டே ஃபானோ நகரையும் பிடித்தார். இரண்டு கண் இருந்தபோது முடிக்க முடியாத பகையை ஒரு கண்ணோடு முடித்தார்.

அதே காயம்... வேறு முடிவு!

ஃபெடரிகோ எவ்வளவு அதிர்ஷ்டசாலி என்று தெரிய, 109 ஆண்டுகள் தள்ளிப் பாரிஸுக்குப் போக வேண்டும்.

1559-ஆம் ஆண்டு ஜூன் 30. பிரான்ஸ் அரசர் இரண்டாம் ஹென்றி, மகளின் திருமணத்தையும் ஸ்பெயினோடு ஏற்பட்ட சமாதானத்தையும் கொண்டாட ஈட்டிப் போட்டி நடத்தினார். 40 வயதான அரசர் தானே களத்தில் இறங்கினார். எதிரில் வந்தவர் மான்கோமெரி என்ற மெய்க்காவல் படைத் தலைவர். மோதலில் ஈட்டி உடைந்தது. உடைந்த சிராய்கள் அரசரின் கண்ணருகே முகத்துக்குள் புகுந்தன.

அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த இரண்டு மருத்துவ மூளைகள் படுக்கைக்கு அருகே வந்தன. ஒருவர் அறுவை மருத்துவர் ஆம்புரோவாஸ் பாரே. இன்னொருவர் உடற்கூறு நிபுணர் வெசாலியஸ். மரண தண்டனை பெற்றவர்களின் தலைகளில் அதே மாதிரி காயத்தை உண்டாக்கி, சிராய் எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று கண்டுபிடிக்க முயன்றதாகவும் சொல்லப்படுகிறது. எதுவும் பலிக்கவில்லை. ஜூலை 10-ஆம் தேதி அரசர் இறந்தார்.

அவருக்குப் பிறகு சிறு வயதுப் பிள்ளைகள் ஆட்சிக்கு வர, சில ஆண்டுகளில் பிரான்ஸ் மதப் போர்களில் மூழ்கியது.

விளையாட்டு ஒன்று, ஆயுதம் ஒன்று, அடிபட்ட இடமும் ஏறக்குறைய ஒன்று. ஒருவர் 10 நாளில் இறந்தார். இன்னொருவர் 32 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இப்போதும் அதே ஆபத்தா?

ஈட்டிப் போட்டி போய்விட்டது. ஆனால் குதிரையால் முகத்தில் காயம் படுவது நிற்கவில்லை. கீழே விழுவது ஒரு காரணம். குதிரை பின்னங்காலால் உதைப்பது இன்னொன்று. பலர் யோசிக்காத மூன்றாவது காரணம், குதிரை திடீரென்று தலையைத் தூக்குவது. கடிவாளம் மாட்டும்போது முகத்தைக் கிட்டே வைத்திருப்பவரின் மூக்கும் பல்லும் உடைய அது போதும். ஒரு குதிரையின் எடை சராசரியாக 500 கிலோ.

சவாரிக்குப் போடும் வழக்கமான ஹெல்மெட் மண்டையைக் காப்பாற்றும். முகத்தை மூடாது. அதனால் ஹெல்மெட் போட்டிருந்தாலும் மூக்கு, தாடை, கன்ன எலும்பு, கண்குழி எலும்பு உடைய வாய்ப்பு இருக்கிறது.

குதிரைக்குத் தன்னைச் சுற்றி சுமார் 350 டிகிரி வரை தெரியும். ஆனால் நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும் தெரியாது. அந்த இடத்தில் இருந்து திடீரென்று தொட்டால் மிரளும். தோள் பக்கமாக, குரல் கொடுத்தபடி போவதுதான் பாதுகாப்பு. கடிவாளம் மாட்டும்போது குனிந்து முகத்தை அதன் தலைக்கு மேலே கொண்டுபோகக் கூடாது.

முகத்தில் அடிபட்டால் கண்ணை அழுத்தவோ தேய்க்கவோ கூடாது. குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்கக் கூடாது. விழுந்த பல்லைப் பாலில் போட்டு எடுத்துப் போகலாம். பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, மயக்கம், வாந்தி, கழுத்து வலி இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சண்டைக் காசில் நூலகம்

ஃபெடரிகோ சம்பாதித்த பணம் எங்கே போனது? கட்டடங்களுக்கும் புத்தகங்களுக்கும்.

உர்பினோவில் லூசியானோ லௌரானா என்ற கட்டடக் கலைஞரை வைத்து பிரம்மாண்ட அரண்மனை கட்டினார். மலை உச்சியில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் அந்த அரண்மனை இன்றும் இருக்கிறது. அதற்குள் அவருடைய சின்னப் படிப்பறை. சுவர் முழுக்க மரத்துண்டுகளை ஒட்டியே அலமாரி, புத்தகம், இசைக்கருவி, போர்க்கவசம் எல்லாம் நிஜம் போலத் தெரியும்படி செய்திருக்கிறார்கள். குப்பியோவில் இருந்த அவருடைய இன்னொரு படிப்பறை இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நூலகத்தில் சுமார் 900 கையெழுத்துப் பிரதிகள். ஃப்ளோரன்ஸின் புகழ்பெற்ற புத்தக வியாபாரி வெஸ்பசியானோ டா பிஸ்டிச்சி, எழுத்தர்களை வைத்துப் பிரதி எடுத்துக் கொடுத்தார். சாப்பிடும் நேரத்தில் ரோமானிய வரலாற்றை யாராவது உரக்கப் படிக்க, டியூக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார் என்றும் அவர் எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குள் பெரிய காவல் இல்லாமல் நடந்து போய் மக்களோடு பேசுவாராம். ஒரு பக்கம் பார்வை இல்லாத மனிதருக்கு, அதுவும் தம்பி கொல்லப்பட்ட ஊரில், அது பெரிய தைரியம்தான்.

14 வயதில் வந்த மனைவி

உஃபிஸி ஓவியத்தில் ஃபெடரிகோவுக்கு எதிரே ஒரு பெண் இருக்கிறார். அவர் இரண்டாவது மனைவி பட்டிஸ்டா ஸ்ஃபோர்ட்ஸா. 1460-ல் திருமணம் நடந்தபோது அவருக்கு வயது 14. ஃபெடரிகோவுக்கு 37. வயது வித்தியாசம் இன்று கேட்டால் அதிர்ச்சிதான்.

பட்டிஸ்டா நன்றாகப் படித்தவர். கணவர் போர்முனையில் இருக்கும்போது உர்பினோ நிர்வாகத்தைக் கையில் எடுத்து நடத்தினார். அடுத்தடுத்துப் பெண் குழந்தைகள் பிறந்தன. வாரிசு வேண்டும் என்ற அழுத்தம். கடைசியில் 1472 ஜனவரியில் மகன் கைடோபால்டோ பிறந்தான். அதே ஆண்டு ஜூலையில் பட்டிஸ்டா இறந்துவிட்டார். இருபதுகளின் நடுவில்தான் இருந்தார்.

ஓவியத்தில் அவர் முகம் வெளிறிப்போய் இருக்கும். அவர் இறந்த பிறகுதான் பியரோ டெல்லா பிரான்செஸ்கா அதை வரைந்திருக்க வேண்டும் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஃபெடரிகோ அதற்குப் பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை.

மறைந்திருந்த பக்கம்

இதுவரை சொன்னது ஃபெடரிகோ உலகத்துக்குக் காட்ட விரும்பிய முகம். காட்டாத முகமும் உண்டு.

பட்டிஸ்டா இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், 1472 ஜூனில், வோல்டெர்ரா என்ற ஊர் சூறையாடப்பட்டது. அங்கே படிகாரச் சுரங்கம் தொடர்பாக ஃப்ளோரன்ஸோடு தகராறு. ஃப்ளோரன்ஸின் லோரென்சோ டி மெடிசி, ஊரை அடக்க ஃபெடரிகோவை அழைத்தார். முற்றுகைக்குப் பிறகு வோல்டெர்ரா சரணடைந்தது. உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு தருவதாகப் பேச்சு. ஆனால் படை உள்ளே போனதும் கொள்ளையும் கொலையும் நடந்தன. தளபதி தடுக்கவில்லையா, தடுக்க முடியவில்லையா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. அந்த ஊரில் இருந்து விலைமதிப்பில்லாத ஹீப்ரு கையெழுத்துப் பிரதிகள் ஃபெடரிகோவின் நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. நன்றிக்கடனாக ஃப்ளோரன்ஸ் அவருக்குக் கொடுத்த பரிசு, வெள்ளியில் செய்த ஒரு தலைக்கவசம்.

அடுத்தது இன்னும் பெரிய விவகாரம். 1478 ஏப்ரல் 26. ஃப்ளோரன்ஸ் பேராலயத்தில் வழிபாட்டின் நடுவே, அதே லோரென்சோவையும் தம்பி ஜூலியானோவையும் கொல்ல முயற்சி நடந்தது. ஜூலியானோ இறந்தார். லோரென்சோ காயத்தோடு தப்பினார். வரலாற்றில் இதற்குப் பாட்ஸி சதி என்று பெயர். ஃபெடரிகோ மீது சந்தேகம் இருந்தாலும், 500 ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் பிடிக்கும்படியான ஆதாரம் சிக்கவில்லை.

2004-ல் எல்லாம் மாறியது. வரலாற்று ஆய்வாளர் மார்செல்லோ சிமோனெட்டா, ஒரு தனியார் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த சங்கேதக் கடிதத்தை உடைத்துப் படித்து வெளியிட்டார். கொலை நடப்பதற்கு இரண்டு மாதம் முன்பு, ரோமில் இருந்த தன் தூதர்களுக்கு ஃபெடரிகோ அனுப்பிய கடிதம் அது. சதி அவருக்குத் தெரியும் என்பது மட்டும் இல்லை, ஃப்ளோரன்ஸுக்கு வெளியே 600 வீரர்களைத் தயாராக நிறுத்தவும் அவர் சம்மதித்திருந்தார் என்பது வெளிச்சத்துக்கு வந்தது. யாரிடம் வெள்ளித் தலைக்கவசம் வாங்கினாரோ, அவர் தலைக்கே குறி.

ஏன் செய்தார்? இடையில் 1474-ல் போப் நான்காம் சிக்ஸ்டஸ் அவருக்கு டியூக் பட்டம் கொடுத்திருந்தார். போப்பின் மருமகன் ஒருவருக்கு ஃபெடரிகோவின் மகளை நிச்சயித்திருந்தார்கள். லோரென்சோவோ போப்புக்கு எதிரி. கணக்கு அவ்வளவுதான்.

கடைசி ஒப்பந்தம்

1482. ஃபெடரிகோவுக்கு 60 வயது. வெனிஸுக்கும் ஃபெராரா நகருக்கும் போர் வெடித்தது. வெனிஸும் அவரை விலைக்கு வாங்கப் பார்த்தது. அவர் ஃபெராரா பக்கம் நின்ற கூட்டணியோடுதான் போனார்.

போ நதியின் சதுப்பு நிலத்தில் முகாம். கோடை வெயில், தேங்கிய நீர், கொசு. வாளால் செத்தவர்களைவிடக் காய்ச்சலால் செத்தவர்கள் அதிகம். தளபதியையும் காய்ச்சல் பிடித்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி ஃபெராராவில் இறந்தார். ஈட்டியால் முடியாததை ஒரு காய்ச்சல் முடித்தது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பழைய எதிரி சிகிஸ்மொண்டோவின் மகன் ராபர்ட்டோ மலடெஸ்டா, பின்னாளில் ஃபெடரிகோவின் மகளைக் கட்டி மருமகன் ஆகியிருந்தார். அந்தப் போரில் எதிர் அணியில் நின்றவர் அவர். ராபர்ட்டோவும் அதே செப்டம்பர் 10-ல் ரோமில் இறந்தார்.

என்ன மிச்சம்?

10 வயது மகன் கைடோபால்டோ பட்டத்துக்கு வந்தான். அவனுக்குப் பிள்ளை இல்லை. 1508-ல் அவனோடு மான்டெஃபெல்ட்ரோ வம்சம் முடிந்தது. நூலகம் 1657-ல் வாடிகனுக்குப் போனது. அந்தப் பிரதிகள் இன்றும் அங்கே பாதுகாப்பாக இருக்கின்றன. உர்பினோவின் பழைய நகரம் 1998-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

ஃபெடரிகோ இறந்த மறு ஆண்டு, 1483-ல், அதே உர்பினோவில் ஒரு குழந்தை பிறந்தது. அப்பா ஜியோவன்னி சாண்டி, டியூக்கின் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதிய அரண்மனை ஓவியர். அந்தக் குழந்தைதான் பின்னாளில் உலகமே கொண்டாடிய ஓவியர் ரஃபேல். சண்டைக் காசில் ஒரு கண் மனிதர் வளர்த்த ஊர், கண்ணால் பார்த்து மாளாத ஓவியங்களைப் படைத்த ஒருவரை உலகுக்குக் கொடுத்தது.

முகத்தில் பட்ட காயத்தை ஃபெடரிகோ முழுசாக மறைக்கவில்லை. குழி விழுந்த கண்ணைத்தான் திருப்பிக்கொண்டார். உடைந்த மூக்கை அப்படியே வரையவிட்டார். ஒரு நல்ல ஓவியரால் அதைச் சரிசெய்திருக்க முடியும். அவர் கேட்கவில்லை. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதை அவரேதான் முடிவு செய்தார். ஓவியத்தில் அது செல்லுபடியானது. கடிதத்தில் மட்டும் செல்லுபடியாகவில்லை.